கூத்து வாத்தியாருக்குப் பல்கலைக்கழகத்தில் என்ன வேலை?

வெள்ளானூரில் குடியிருப்பவர்களுக்குக் கடிகாரம் தேவையில்லை, காலேஜ் பஸ் போதும். காலை ஏழரை தாண்டினால் ஆவடி பக்கமிருந்து வரிசையாக வர ஆரம்பிக்கும், சாயங்காலம் அதே வரிசை திரும்பிப் போகும். ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி என்று எந்தப் பக்கம் வண்டியைத் திருப்பினாலும் ஒரு பொறியியல் கல்லூரியோ மருத்துவக் கல்லூரியோ நிகர்நிலைப் பல்கலைக்கழகமோ வந்துவிடும். ஒவ்வொன்றுக்குள்ளும் ஓர் ஆடிட்டோரியம். ஏசி, மெத்தை நாற்காலி, எல்இடி திரை என்று ஒரு குறையும் இருக்காது.

இந்த ஆடிட்டோரியங்களுக்குள் ஊர்க்காரர் எப்போது கால் வைக்கிறார் என்று டீக்கடையில் ஒருநாள் பேச்சு வந்தது. பிள்ளைக்கு அட்மிஷன் போடும்போது என்றார் ஒருவர். பிள்ளை பட்டம் வாங்கும்போது என்றார் இன்னொருவர். "ஓட்டு எண்ணும்போது" என்றார் மூன்றாமவர், கட்சி ஏஜெண்ட். அதோடு பட்டியல் முடிந்துவிட்டது. நாடகம் பார்க்க, பாட்டுக் கேட்க, கூத்துப் பார்க்க என்று யாருக்கும் வாயில் வரவில்லை. வராததில் யாருக்கும் வருத்தமும் இல்லை. அதுதான் எனக்கு உறுத்தியது.

எனக்குக் கூத்துப் பைத்தியம் உண்டு என்பது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். பங்குனியில் தொடங்கி ஆடி வரை திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கம் எங்காவது ஒரு திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் நடந்துகொண்டிருக்கும். பகலில் பிரசங்கம், ராத்திரி கூத்து. நடுவில் ஒருநாள் அர்ச்சுனன் தபசு மரம் ஏறுவான். கடைசி நாள் காலையில் துரியோதனன் படுகளம், சாயங்காலம் தீமிதி. ஊரின் கைச்செழிப்பைப் பொறுத்து நாள் கூடும், குறையும். இப்படிச் சுற்றியதில் ஒரு கூத்து செட்டின் வாத்தியார் எனக்கு நல்ல பழக்கம். பெயர் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார், போடவில்லை.

அவருடைய செட்டை ஒரு கல்லூரி ஆண்டு விழாவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். எங்கள் ஊர்ப் பக்கம் இல்லை, தள்ளி. நானும் வேனில் தொற்றிக்கொண்டேன். ஒப்பனை போட ஒரு வகுப்பறை ஒதுக்கியிருந்தார்கள். கூத்து நடிகர் வேஷம் கட்டுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அரிதாரம் பூசுவதோடு வேலை முடிவதில்லை. இடுப்பைச் சுற்றித் துணியை அடுக்கடுக்காகக் கட்டிப் புடைக்க வைப்பார்கள். அதன்மேல் பாவாடை, மார்பில் பதக்கம், தோளில் புஜக்கட்டை, தலையில் கிரீடம். கண்ணாடித் துண்டு பதித்த மரச் சாமான் எல்லாமே கனம். ஒருமுறை இழுத்துக் கட்டிவிட்டால் விடியும்வரை அவிழ்ப்பதில்லை. அந்த வகுப்பறையில் இருந்தது எழுதுபலகை ஒட்டிய நாற்காலி. துரியோதனனால் அதற்குள் இடுப்பை நுழைக்க முடியவில்லை. பாவம், கூப்பிடும்வரை கரும்பலகையில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டே இருந்தார். பின்னால் யாரோ எழுதிப்போட்ட வெப்ப இயக்கவியல் சமன்பாடு பாதி அழிந்து அவர் பாவாடையில் ஒட்டிக்கொண்டது.

கூத்து என்று கேள்விப்பட்டுப் பக்கத்துக் கிராமத்திலிருந்து கொஞ்சம் பெண்களும் இரண்டு மூன்று பெரியவர்களும் வந்திருக்கிறார்கள். கேட்டில் காவலாளி ஐடி கார்டு கேட்டார். அவர் மேல் தப்பில்லை, அவருக்குச் சொல்லியிருப்பது அதுதான். வந்தவர்கள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்கள்.

மேடையில் கொடுத்தது இருபது நிமிடம். முன்னால் நடந்த ஃபேஷன் ஷோ இழுத்துக்கொண்டதில் அதுவும் சுருங்கியது. கட்டியங்காரன் வந்து செமஸ்டர் அரியரைப் பற்றி ஒரு போடு போட்டதும் அரங்கமே விசில் அடித்தது. பிள்ளைகளை நான் குறை சொல்லமாட்டேன், உண்மையிலேயே ரசித்தார்கள். ஆனால் அடுத்து டிஜே காத்திருந்தார். முடிந்ததும் சால்வை, கேடயம், செல்ஃபி. வேனில் ஏறியதும் வாத்தியார் சொன்னார்: "சால்வை நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா துச்சாதனன் புடவையைத் தொடறதுக்குள்ள மைக்கை ஆஃப் பண்ணிட்டாங்களே."

பார்க்க ஆசைப்பட்ட ஊர் கேட்டுக்கு வெளியே, ஆட வந்தவர் கேட்டுக்குள்ளே. இப்படி ஒரு ஏற்பாட்டைத் திட்டம் போட்டுச் செய்தாலும் இவ்வளவு கச்சிதமாக வராது.

சரி, பல்கலைக்கழகத்துக்கும் கூத்துக்கும் என்ன சம்பந்தம், அவர்கள் வேலை படிப்புச் சொல்லிக் கொடுப்பதுதானே என்று கேட்பீர்கள். இதற்கு அமெரிக்கா வரைக்கும் போய் உதாரணம் தேட வேண்டாம். ராமேசுவரத்துக்கு அந்தப் பக்கம், கண்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது பேராதனை. அங்கே நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1956-ல் எதிரிவீர சரத்சந்திர என்ற சிங்களப் பேராசிரியர் 'மனமே' என்று ஒரு நாடகம் போட்டார். ஐரோப்பிய பாணி வசன நாடகத்தை விட்டுவிட்டு, கிராமத்து 'நாடகம' வடிவத்தைக் கையில் எடுத்தார். ஜப்பானுக்குப் போய் நோ, கபுகி எல்லாம் பார்த்துவிட்டு வந்த மனிதர் அவர். நம் ஊரிலும் இப்படி ஒன்று கிடக்கிறதே என்று தோன்றியிருக்க வேண்டும். சிங்கள நாடக உலகமே அதற்குப் பிறகு வேறாகிவிட்டது. 1961-ல் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் திறந்தவெளி அரங்கில் அவருடைய 'சிங்கபாகு' அரங்கேறியது. மலைச்சரிவில் மரங்களுக்கு நடுவே இருக்கும் அந்த அரங்குக்கு இன்று அவர் பெயர்தான். இதில் நமக்கு வேண்டிய செய்தி, அந்த 'நாடகம' வடிவமே தமிழ்க் கூத்திலிருந்து, கரையோரக் கத்தோலிக்கர்கள் வழியாகச் சிங்களத்துக்குப் போனது. சரத்சந்திரவே ஆராய்ந்து எழுதியது இது.

அதே வளாகத்தில் தமிழ்த் துறையில் இருந்தவர் சு. வித்தியானந்தன். தெல்லிப்பழைக்காரர், லண்டனில் ஆய்வுப் பட்டம் வாங்கியவர். தமிழ்க் கூத்திலிருந்து போன சாமானை வைத்துச் சிங்களவர் இவ்வளவு செய்கிறார்கள், நம் வீட்டில் மூலச் சாமானே தூசி படிந்து கிடக்கிறதே என்ற எண்ணம் அவருக்கு. அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் படித்தவர்கள் கூத்துப் பக்கம் தலை வைத்துப் படுக்கமாட்டார்கள். ராக்கூத்து, படிக்காதவன் பொழுதுபோக்கு என்ற இளக்காரம். சாதி இளக்காரமும் சேர்ந்தேதான்.

வித்தியானந்தன் கலைக்கழகத் தமிழ் நாடகக் குழுவின் தலைவராகி ஊர் ஊராகப் போனார். கூத்துப் பழக்கும் அண்ணாவிமாரைத் தேடிப் பிடித்து மரியாதை செய்தார். கூத்துக்குப் போட்டிகள் வைத்தார். ஏடாகவும் கொப்பியாகவும் கிடந்த கூத்துகளைப் பதிப்பித்தார். 1962-ல் 'அலங்காரரூபன் நாடகம்', பிறகு மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கக் கூத்துகள். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு காரியம் செய்தார். மட்டக்களப்பு வந்தாறுமூலையிலிருந்து செல்லையா அண்ணாவியாரைப் பேராதனைக்கு அழைத்து வந்து, பட்டப்படிப்பு மாணவர்களுக்கு ஆட்டம் பழக்கச் சொன்னார். நம் வாத்தியார்தான் அங்கே அண்ணாவியார். மத்தளத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு, தாளக்கட்டைச் சொல்லி, காலைத் தட்டித் தட்டி ஆட வைப்பவர். பேராசிரியர்கள் நடக்கும் வராந்தாவில் அவருடைய மத்தளம் கேட்டது. 1962-ல் 'கர்ணன் போர்' வந்தது, அடுத்த ஆண்டு 'நொண்டி நாடகம்', பிறகு 'இராவணேசன்', 'வாலிவதை'. பேராதனையோடு நிற்கவில்லை, கொழும்பு, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு என்று தீவெங்கும் போயின.

'இராவணேசன்' எழுதி, இராவணனாக ஆடியவர் அப்போது மாணவராக இருந்த சி. மௌனகுரு. மட்டக்களப்பு அமிர்தகழிக்காரர். சின்ன வயதில் கூத்துக் களரியைச் சுற்றி ஓடி விளையாடிய பையன், பல்கலைக்கழகத்துக்குப் போய் அங்கேயும் கூத்தே ஆடினார் என்றால் அந்த ஊர்ச் சனத்துக்கு எப்படி இருந்திருக்கும்! எங்கள் பக்கத்துப் பையன் ஒருவன் கம்ப்யூட்டர் சயன்ஸ் சேர்ந்துவிட்டு வீட்டில் வந்து "இன்னைக்கு மத்தளம் கிளாஸ்" என்று சொன்னால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதில் ஒரு விலையும் இருந்தது, அதை மறைக்கக் கூடாது. மட்டக்களப்பில் கூத்து என்பது ஓர் இரவுக் காரியம் இல்லை, பல மாதக் காரியம். முதலில் ஊர் கூடி எந்தக் கூத்து, யாருக்கு எந்த வேஷம் என்று முடிவு செய்து 'சட்டம் கொடுப்பார்கள்', அதாவது அவரவர் பாட்டை எழுதிக் கையில் கொடுப்பது. பிறகு இரவிரவாகப் பழக்கம். ஆட்டம் காலுக்கு வந்த பிறகு சலங்கை அணி விழா. அதற்கும் பிறகுதான் அரங்கேற்றம். வட்டக்களரியின் நடுவே அண்ணாவியார், சுற்றிலும் ஊர். விடிய விடிய ஆடுவார்கள். வடமோடி வகைக் கூத்து என்றால் அரசர்களுக்குக் கரப்புடுப்பு, கம்பு கட்டி விரித்த கனமான உடை. வித்தியானந்தன் இதை இரண்டு மணி நேரத்துக்குள் சுருக்கினார். வட்டக்களரியை விட்டுப் படச்சட்ட மேடைக்கு, ஒரு பக்கத்திலிருந்து மட்டும் பார்க்கும் மேடைக்குக் கொண்டுவந்தார். உடுப்பு இலகுவானது. ஊரே சேர்ந்து செய்த ஒன்று, டிக்கெட் வாங்கி உட்கார்ந்து பார்க்கும் ஒன்றாகிவிட்டது என்று பின்னால் வந்தவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. என்னைக் கேட்டால், அந்தக் காலத்தில் அப்படிச் சுருக்காவிட்டால் படித்த கூட்டம் திரும்பியே பார்த்திருக்காது. கல்லூரி டிஜேக்கு முன்னால் சுருங்கியதும் இதுவும் ஒன்றில்லை. பேராதனையில் கத்தரிக்கோல் கூத்துத் தெரிந்தவர் கையில் இருந்தது, மாதக்கணக்கில் யோசித்து வெட்டியது. ஆண்டு விழாவில் மைக் செட்காரர் கையில்.

கதை பேராதனையோடு முடியவில்லை. 1981-ல் மட்டக்களப்பில் ஒரு பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கினார்கள், 1986-ல் அது கிழக்குப் பல்கலைக்கழகம் ஆனது. எந்த இடத்தில் தெரியுமா? வந்தாறுமூலையில். செல்லையா அண்ணாவியாரின் ஊரில், மௌனகுரு பள்ளிக்கூடம் படித்த மத்திய கல்லூரி வளாகத்தில். நாவலில் எழுதினால் நம்பமாட்டார்கள்.

ஆனால் அந்த வளாகம் முதலில் ஊருக்குப் பயன்பட்டது கலைக்காக இல்லை. 1990-ல் போர் மூண்டபோது சுற்று வட்டாரச் சனம் ஆயிரமாயிரமாக அதற்குள் தஞ்சம் புகுந்தது. செப்டம்பர் 5-ஆம் தேதி ராணுவம் உள்ளே வந்து 158 பேரைப் பிரித்துக் கூட்டிக்கொண்டு போனது. அவர்கள் திரும்பவில்லை. அதன்பின் சில ஆண்டுகளுக்குள் மௌனகுரு அங்கே நுண்கலைத் துறைக்கு வந்து சேர்ந்தார். அந்தச் சூழ்நிலையில் உலக நாடக தினத்தை ஆண்டுதோறும் விழாவாக நடத்தினார், அண்ணாவிமாரை மேடையேற்றினார், மாணவர்களை ஊர்களுக்கு அனுப்பினார். பிறகு 'இராவணேச'னைப் புதிய தலைமுறையை வைத்துத் திரும்பவும் போட்டார். கல்லடியில் 1982-ல் இசை நடனக் கல்லூரியாகத் தொடங்கிய நிறுவனம் இன்று இதே பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகமாக இருக்கிறது. விபுலாநந்தர் 1931-ல் நம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதல் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர், 'யாழ்நூல்' எழுதியவர் என்பதை நினைவுபடுத்திக்கொள்ளலாம்.

அங்கேதான் அடுத்த திருப்பம். சி. ஜெயசங்கர் என்ற விரிவுரையாளர் வித்தியானந்தன் வழியை நேர் எதிராகத் திருப்பினார். கூத்தை ஏன் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவர வேண்டும், பல்கலைக்கழகம் களரிக்குப் போகட்டும் என்றார். 2000-களின் தொடக்கத்தில் மட்டக்களப்பு நகரை ஒட்டிய சீலாமுனை கிராமத்தில் ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து 'கூத்து மீளுருவாக்கம்' செய்தார்கள். பழைய பாட்டில் பெண்ணை இழிவாகச் சொல்லும் இடம் வருகிறதா, சாதியைத் தூக்கிப் பிடிக்கும் இடம் வருகிறதா, அதை வைத்துக்கொள்வதா மாற்றுவதா என்று ஊரே பேசி முடிவெடுப்பது. பேராசிரியர் திருத்திக் கொடுப்பது கிடையாது. ஆட்டமும் வட்டக்களரியில்தான், இரவு முழுக்கத்தான்.

இந்த இரண்டு வழியில் எது சரி என்று ஈழத்து நண்பர்கள் இன்றும் சண்டை போடுவார்கள். எனக்கு அந்தச் சண்டையே பொறாமையாக இருக்கிறது. நாம் சண்டை போடும் இடத்துக்கே வரவில்லையே.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கு முதல் துணைவேந்தராகப் போனவரும் இதே வித்தியானந்தன்தான். அங்கே 1985-ல் குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதி, க. சிதம்பரநாதன் இயக்கி 'மண் சுமந்த மேனியர்' வந்தது. கைலாசபதி கலையரங்கத்தில் போட்டதோடு நிற்காமல் ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். அது தனிப் பதிவுக்கான விஷயம், இன்னொரு நாள் பார்ப்போம்.

தமிழ்நாட்டில் ஒன்றுமே இல்லையா என்றால், இருக்கிறது. 1977-ல் காந்திகிராமத்தில் நடந்த நாடகப் பட்டறையிலிருந்துதான் நம் நவீன நாடகக்காரர்கள் பலர் கிளம்பினார்கள். அதை நடத்திய சே. இராமானுஜம் பின்னால் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக நாடகத் துறையில் ஒரு தலைமுறையையே உருவாக்கினார். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் நிகழ்கலைப் பள்ளி இருக்கிறது, தொடக்கத்தில் அதை நடத்தியவர் இந்திரா பார்த்தசாரதி. சுவாமிகள் 1922-ல் புதுச்சேரியில்தான் மறைந்தார், சமாதி கருவடிக்குப்பத்தில் இருக்கிறது. இசையில், 1929-லேயே சிதம்பரத்தில் தொடங்கி, பிறகு தமிழிசை இயக்கத்தைத் தூக்கிச் சுமந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. பாரிமுனையில் உள்ள ராஜா அண்ணாமலை மன்றம் அந்த இயக்கம் சென்னைக்குக் கொடுத்த அரங்கம்தான்.

ஆனால் கூத்து வாத்தியாரைப் பொறுத்தவரை நம் பக்கம் உருப்படியாக நடந்தது பல்கலைக்கழகத்துக்கு வெளியேதான். செய்யாறு பக்கம் புரிசையில் கண்ணப்பத் தம்பிரான் குடும்பம். காஞ்சிபுரம் பக்கம் புஞ்சரசந்தாங்கலில் பெ. இராஜகோபாலும் ஹன்னா டி புரூயினும் 2002-ல் தொடங்கிய கட்டைக்கூத்து குருகுலம். பிள்ளைகள் அங்கேயே தங்கிக் கூத்தும் பள்ளிப் படிப்பும் சேர்த்துப் படித்தார்கள். ஆண்கள் மட்டுமே ஆடிவந்த கூத்தில் பெண் பிள்ளைகள் வேஷம் கட்டினார்கள். 2020-ல் மூடிவிட்டார்கள். இருபது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக இரண்டு மூன்று பேர் தோளில் தாங்கியதை, ஏக்கர் கணக்கில் நிலமும் ஆயிரம் நாற்காலி அரங்கமும் வைத்திருப்பவர்கள் ஏன் தாங்கக் கூடாது?

எங்கள் பக்கம் ஊரின் சேர்மானமே வேறு மாதிரி. ஆவடியில் டாங்கித் தொழிற்சாலைக்கும் விமானப்படைக்கும் எங்கிருந்தெல்லாமோ வந்து தங்கியவர்கள், அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு வந்தவர்கள், ஏரிக்கரையோரம் பிளாட் வாங்கி இப்போதுதான் வந்தவர்கள். இவர்களுக்கும் பழைய ஊர்க்காரர்களுக்கும் பேச்சுவார்த்தையே குறைவு. கோயில் திருவிழாவில் மைக் சத்தம் என்று போலீசுக்கு போன் போடும் அளவுக்குத்தான் உறவு. எல்லோரும் ஒன்றாக உட்காரும் இடம் என்று பார்த்தால் கல்யாண மண்டபம்தான். அதிலும் மொய் எழுதினால்தான் உள்ளே.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. புதுக் கட்டடம் வேண்டாம். இருக்கிற அரங்கத்தில், அல்லது அதைவிட நல்லது, பின்னால் இருக்கும் விளையாட்டுத் திடலில், வருஷத்துக்கு ஓர் இரவு முழுக் கூத்து. கேட் திறந்திருக்க வேண்டும், பாய் எடுத்துக்கொண்டு வரலாம் என்று சொல்ல வேண்டும். மற்ற நாட்களில் ஒரு வாத்தியாரைச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டு, விருப்பப்பட்ட பிள்ளைகளுக்கு ஆட்டமும் பாட்டும் மத்தளமும் பழக்க வேண்டும். பக்கத்து ஊர்ப் பிள்ளைகளும் சேர்ந்துகொள்ளலாம் என்றால் இன்னும் விசேஷம். வாத்தியாரிடம் பட்டம் இருக்காது. பேராதனையில் 1962-லேயே அது தடையாக இருக்கவில்லை.

போன மாதம் இதை வாத்தியாரிடம் சொன்னேன். மத்தளத்துக்கு மாவு தடவிக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தாமலே கேட்டுக்கொண்டார். ரொம்ப சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன். வேறு மாதிரி கேட்டார்.

"சம்பளம் மாசா மாசமா, இல்ல ஆட்டத்துக்கு இவ்வளவுன்னா?"

மாசா மாசம் என்று வைத்துக்கொள்வோம் என்றேன், என் கையில் இல்லை என்றாலும்.

"பங்குனில இருந்து ஆடி வரைக்கும் நமக்கு சீசன் தம்பி. செட்ல பதினஞ்சு குடும்பம் அதுல ஓடுது. அப்ப லீவு குடுப்பாங்களா?"

அந்த நேரத்தில்தான் அவர்களுக்குப் பரீட்சை, பிறகு விடுமுறை, பெரிய சிக்கல் இருக்காது என்றேன்.

"அப்ப சரி. பசங்க பரீட்சை முடிஞ்சதும் சும்மாதானே இருப்பாங்க? நம்ம கூட அனுப்பச் சொல்லு. திரை பிடிக்க, சாமான் தூக்க, பின்பாட்டுக்கு ஆள் பத்தல. ரெண்டு மாசம் ராத்திரி ராத்திரி நின்னா தானா வந்துடும். கிளாஸ்ல உக்கார வெச்சு எப்பத்திக்குக் கத்துக்கறது?"

அதற்கு கிரெடிட் உண்டா என்று பிள்ளைகள் கேட்பார்களே என்றேன். கிரெடிட் என்றால் என்ன என்று கேட்டார். சொன்னேன்.

"சாப்பாடு உண்டுன்னு சொல்லு" என்றார்.